சிரமம் யாருக்கு உரியது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் ஸ்தாபனம் நிறுவிய ஆராய்ச்சி நிலையம், கணிப்பொறிகளைக் கம்பியால் பிணைக்கும் ஈதர்நெட் முறை 1973-ஆம் ஆண்டில் ராபர்ட் மெட்காஃப் என்பவரின் சிந்தனையில் உருவான இடம். கணிப்பொறி வலைகளின் ஜன்ம ஸ்தலங்களில் அதுவும் ஒன்று. அப்பேர்ப்பட்ட இடத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊழியர்கள் தங்கள் மடிக்கணினிகளைக் கம்பியில்லா வலையில் பாதுகாப்பாக இணைத்துக்கொள்வதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்பதை விவரமாக எழுதியும் கொடுத்தார்கள். அந்தக் குறிப்பின்படி காரியத்தை முடிக்க 38 படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. சராசரியாக ஒருவருக்கு 140 நிமிஷம் பிடித்தது. இவ்வளவு பாடுபட்டவர்கள் கணிப்பொறியைக் கண்டு மிரளும் சாமானியர்கள் அல்லர். கற்றுத் தேர்ந்து உயர்ந்த பட்டங்கள் பெற்ற ஆராய்ச்சியாளர்கள்.

அதே நிலையத்தைச் சேர்ந்த சில நிபுணர்கள் இதைக் கண்டு, அந்தக் குறிப்பை இன்னும் தெளிவாகத் திருத்தி எழுதுவதில் பிரயோஜனம் இல்லை என்று தீர்மானித்து, படிகளையே யந்திரத்தின் தலையில் கட்டினார்கள். 2004-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின்படி, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய், வலையை நடத்தும் பெட்டியின் அகச்சிவப்புக் கதிர்க் கண்ணுக்கு நேரே காட்டினால் போதும். பெட்டியும் கணினியும் தமக்குள் ரகசியங்களைப் பரிமாறிக்கொண்டு ஒரு நிமிஷத்துக்குள் வேலையை முடித்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட கணித ஏற்பாடு பழைய கடுமையோடு அப்படியேதான் இருந்தது. சிரமம் ஒழிந்து போய்விடவில்லை. உபயோகிப்பவனிடமிருந்து, உபயோகத்துக்கென்று செய்து கொடுத்தவனிடம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

வீட்டு வலையை எளிமையாக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடமாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. ஏனென்றால், எளிமை என்ற பெயரில் நம் கைக்கு வரும் சரக்கு இரண்டு வகைப்பட்டது. செய்தாக வேண்டிய வேலையைத் தயாரித்தவர் தாமே செய்து முடித்து அனுப்புவதால் வருகிற எளிமை ஒன்று. செய்தாக வேண்டிய வேலையைச் செய்யாமலே விட்டுவிட்டு, எல்லாம் ஆயிற்று என்று சொல்லிக் கொடுப்பதால் வருகிற எளிமை மற்றொன்று. வாங்கிய அன்று இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் இணையம் குடிபுகும் விதத்தைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு வேண்டுமென்று பதிவு செய்த இரண்டொரு நாளில், கம்பெனி ஆள் ஒருவர் ஏணியும் வயர்ச் சுருளுமாக வந்து, தெருக் கம்பத்திலிருந்து மெல்லிய கண்ணாடி இழையை ஜன்னல் வழியே உள்ளே இழுத்து, டி.வி.க்குப் பின்னால் எங்கே பிளக் பாயின்ட் இருக்கிறதோ அங்கே ரூட்டரை மாட்டுகிறார். "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்?" என்று கேட்கிறார். "நீங்களே ஏதாவது வெச்சிடுங்க தம்பி" என்கிறார் வீட்டுக்காரர். "உங்க மொபைல் நம்பரையே வெச்சிடறேன் சார், மறக்காது." இருவருக்கும் திருப்தி. அரை மணி நேரத்தில் வீட்டிலுள்ள நாலைந்து கைபேசிகளிலும் படம் ஓடுகிறது.

இந்த அரை மணி நேரத்துக்குள் நான் சொன்ன இரண்டு வகை எளிமையும் கலந்து கிடக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சார சமிக்ஞையாக மாற்றுவது, அதைக் கம்பியில்லா அலையாக வீசுவது, ஒவ்வொரு கைபேசிக்கும் ஒரு முகவரி வழங்குவது ஆகிய கடினமான காரியங்களெல்லாம், அந்தக் கம்பெனி ஆளும் அறியாமல், வீட்டுக்காரரும் அறியாமல், யந்திரத்தால் நடந்து முடிந்துவிட்டன. அது முதல் வகை. பால்காரரிலிருந்து பார்சல் கொண்டு வரும் பையன் வரைக்கும் தெரிந்த ஓர் எண்ணை வீட்டின் ரகசியமாக வைத்தது இரண்டாம் வகை.

முதல் வகையின் அருமை தெரிய வேண்டுமானால், அது இல்லாதிருந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வலையில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐ.பி. முகவரி என்ற ஓர் எண் வேண்டும். ஒரே வலையில் இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. அந்த எண் மட்டும் போதாது. எந்த எண்கள் உள்வீட்டைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டும் இன்னோர் எண்ணும், வெளியுலகத்துக்குப் போகும் வழியைச் சொல்லும் எண்ணும், இணையதளங்களின் பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தரும் சாதனத்தின் எண்ணும் வேண்டும். இவ்வளவையும் ஒரு காலத்தில் நிர்வாகி ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, கணிப்பொறி கணிப்பொறியாகப் போய் உட்கார்ந்து தட்டெழுதினார். ஓர் இலக்கம் தவறினால் அந்தக் கணிப்பொறி ஊமையாகிவிடும், அல்லது பக்கத்து மேஜைக்காரரின் கணிப்பொறியை ஊமையாக்கிவிடும்.

1993-ஆம் ஆண்டில் ரால்ஃப் டிராம்ஸ் என்பவர் எழுதிய விதிமுறையாக வெளிவந்த டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு இந்த நோட்டுப் புத்தகத்தை யந்திரத்திடம் ஒப்படைத்தது. நீங்கள் கைபேசியில் வைஃபையைத் தொட்ட மாத்திரத்தில் நடப்பது இதுதான்: 'இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது உண்டா?' என்று கைபேசி வலை முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது, '192.168.1.7 காலியாக இருக்கிறது, வேண்டுமா?' என்று ரூட்டர் கேட்கிறது; 'அதையே கொடுங்கள்' என்கிறது கைபேசி; 'சரி, இன்ன நேரம் வரைக்கும் அது உன்னுடையது' என்று மற்ற எண்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது ரூட்டர். நான்கே வாசகங்கள்; கண்ணிமைக்கும் நேரம். முகவரி தானமாகக் கொடுக்கப்படுவதில்லை, குத்தகைக்குத்தான் விடப்படுகிறது என்பது இதில் ஒரு நுட்பம். விருந்தாளி ஊருக்குப் போய்விட்டால், அவருடைய கைபேசிக்குக் கொடுத்த எண் தவணை முடிந்ததும் பொதுவுக்குத் திரும்பிவிடுகிறது; வாங்கியவர் வந்து கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை.

இந்த 192.168 என்று தொடங்கும் எண்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும், எதிர்வீட்டிலும் இருக்கும். உலகத்துக் கோடானுகோடி வீடுகளிலும் இருக்கும். பழைய ஐ.பி. முறையில் உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தாம் உண்டு. அவற்றின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. இந்தத் தட்டுப்பாட்டை முன்கூட்டியே எதிர்பார்த்து, வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள் சிலவற்றைத் தனியாக ஒதுக்கி, வெளியே போகும்போது ரூட்டர் தன் ஒரே முகவரியை எல்லாருக்குமாகப் பயன்படுத்திக்கொள்ளும்படி செய்தார்கள். இதைப் பற்றி வீட்டுக்காரர் ஒருநாளும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் வெற்றி.

ஆனால் டி.எச்.சி.பி. முகவரி கொடுக்குமே தவிர, அறிமுகம் செய்து வைக்காது. வீட்டில் ஒரு பிரின்டர் இருக்கிறது. அதற்கும் ஒரு முகவரி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எண் என்ன என்று கைபேசிக்கு யார் சொல்வது? இந்த இடத்தில்தான் ஒரு விசித்திரமான சரித்திரம் இருக்கிறது. ஆப்பிள் கம்பெனி 1985-ஆம் ஆண்டிலேயே தன் மெக்கின்டாஷ் கணிப்பொறிகளுக்காக ஆப்பிள்டாக் என்ற வலை முறையைச் செய்திருந்தது. கம்பியைச் சொருகினால் போதும். கணிப்பொறி தன் முகவரியைத் தானே தேர்ந்துகொள்ளும். அக்கம்பக்கத்தில் உள்ள பிரின்டர்களின் பெயர்ப் பட்டியல் திரையில் வரும். வேண்டியதைச் சுட்டினால் அச்சாகும். இணையத்தின் விதிமுறைகள் உலகமெங்கும் பரவி, ஆப்பிள்டாக் போன்ற சிறிய முறைகளை ஓரங்கட்டியபோது, இந்தச் சௌகரியமும் கூடவே போய்விட்டது. இணைய முறை பெரிய ஸ்தாபனங்களுக்காகச் செய்யப்பட்டது. அங்கே நிர்வாகி ஒருவர் சம்பளத்துக்கு இருப்பார் என்பது அதைச் செய்தவர்கள் வெளியே சொல்லாமலே கொண்டிருந்த அனுமானம். வீடுகளில் அப்படி ஒருவர் இல்லை. தொழில்நுட்பம் முன்னேறியது, சாமானியனின் சௌகரியம் பின்னால் போயிற்று. இது கணிப்பொறி உலகத்தில் மட்டும் நடக்கும் அதிசயமன்று.

ஸ்டூவர்ட் செஷயர் என்பவருக்கு இந்த இழப்பு உறுத்தியது. மெக்கின்டாஷ் கணிப்பொறிகளில் பலர் ஒரே சமயத்தில் வலை வழியே விளையாடும் போலோ என்ற டாங்கிச் சண்டை விளையாட்டை எழுதியவர் அவர். பழைய முறையின் சுகத்தை அனுபவித்தவர். நிர்வாகியே இல்லாத வலை என்ற லட்சியத்தோடு, இணைய விதிமுறைகளை வகுக்கும் சபையில் 1999-இல் ஒரு குழு அமைந்தது. செஷயர் அதில் முன்னின்று உழைத்தார். ஆப்பிள் 2002-இல் வெளியிட்டு 2005-இல் போன்ஜூர் என்று பெயர் மாற்றிய ஏற்பாடு அந்த உழைப்பின் பலன். அதன் தத்துவம் அதிசயிக்கத்தக்க அளவுக்கு எளியது. முகவரி கொடுப்பவர் யாருமே இல்லையென்றால், சாதனம் 169.254 என்று தொடங்கும் எண்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொண்டு, 'இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா?' என்று கேட்கும். பதில் இல்லையென்றால் அது தன்னுடையது என்று வைத்துக்கொள்ளும். பெயருக்கும் அப்படியே: 'பிரின்டர் யாராவது உண்டா?' என்று கைபேசி எல்லாருக்கும் பொதுவாகக் கேட்க, பிரின்டரே 'நான் இருக்கிறேன், என் பெயர் இன்னது' என்று பதில் சொல்லும். நடுவில் அதிகாரி கிடையாது, பதிவேடு கிடையாது. இன்று நீங்கள் கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து, 'டி.வி.யில் காட்டு' என்ற குறியைத் தொட்டதும் ஹாலில் உள்ள டி.வி.யின் பெயர் தானாக வந்து நிற்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த உரையாடல்தான். 2013-இல் இது முறைப்படி விதியாக வெளிவந்தது. ஆப்பிள்டாக் பிறந்தது 1985-இல். அதே சௌகரியம் எல்லாக் கம்பெனிச் சாதனங்களுக்கும் பொதுவான விதியாகத் திரும்பி வர 28 ஆண்டுகள் ஆயின.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். வைஃபைக்கு நீண்ட பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள், ஜனங்கள் வைக்கவில்லை, வைத்தவர்களும் அதை டி.வி.யின் ரிமோட்டால் எழுத்தெழுத்தாகத் தேடிப் பதிக்கச் சலித்துக்கொண்டார்கள். அந்தச் சலிப்புக்கு மருந்தாக 2006-07 வாக்கில் டபிள்யூ.பி.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. அதில் ஒரு பகுதி நியாயமானது: ரூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிஷத்துக்குள் சாதனத்திலும் அழுத்தினால் இரண்டும் இணைந்துகொள்ளும். ரூட்டரின் அருகில் வந்து பொத்தானை அழுத்தக்கூடியவர் வீட்டுக்குள் இருப்பவர்தாமே என்ற நம்பிக்கையில் அமைந்தது இது. மற்றொரு பகுதியோ எட்டு இலக்கமுள்ள ஓர் இரகசிய எண். ரூட்டரின் அடியில் அச்சடித்து ஒட்டியிருக்கும். அதைச் சொன்னால் எந்தச் சாதனமும் உள்ளே வரலாம். முத்திரை பெற வேண்டிய ரூட்டர் ஒவ்வொன்றிலும் இந்த எண் முறை இருந்தாக வேண்டும் என்று விதியும் செய்தார்கள்.

எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பவன் களைத்துப் போவான் என்பது கணக்கு. ஆனால் 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கணக்கின் ஓட்டையை அம்பலப்படுத்தினார். எட்டாவது இலக்கம், முதல் ஏழும் சரியாக எழுதப்பட்டனவா என்று சரிபார்க்க உதவுவது மட்டுமே; அதைத் தனியாக ஊகிக்கத் தேவையில்லை. அதைவிட விபரீதம், ரூட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சோதித்து, முதல் நான்கு இலக்கம் தவறென்றால் அப்போதே தவறு என்று தெரிவித்துவிட்டது. ஆகவே முதல் பாதிக்கு 10,000 முயற்சி, அடுத்த பாதிக்கு 1,000 முயற்சி, மொத்தம் 11,000 முயற்சிகளில் எந்த வீட்டின் வலையும் திறந்துகொள்ளும். கணிப்பொறிக்கு அது சில மணி நேர வேலை. வீட்டுக்காரர் எவ்வளவு நீண்ட பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை; ஏனென்றால் இந்த வழியே உள்ளே வந்தவனுக்கு அந்தப் பாஸ்வேர்டையும் ரூட்டரே சொல்லிவிடும். சில ரூட்டர்களில் இதை அணைத்துவிட்டதாக நினைத்தவர்களுக்கும் அது உண்மையில் அணையாமலே இருந்தது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 பதிப்பிலிருந்து கைபேசிகள் இதைக் கைவிட்டன. பல வீடுகளின் ரூட்டர்களில் அந்தப் பொத்தான் இன்றும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று 2016-இல் நடந்தது. ரூட்டர்களையும் கண்காணிப்புக் காமிராக்களையும் தயாரித்தவர்கள், வீட்டுக்காரருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கு 'அட்மின்' என்ற பெயர், 'அட்மின்' என்ற பாஸ்வேர்டு போன்ற ஏதாவது ஒரே ஜோடியைத் தாம் செய்த எல்லாவற்றுக்கும் வைத்து அனுப்பினார்கள். லட்சம் பூட்டுகளைச் செய்து எல்லாவற்றுக்கும் ஒரே சாவியைக் கொடுத்தது போல. மிராய் என்ற தீய நிரல் செய்ததெல்லாம், இப்படி வழக்கத்தில் இருந்த பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளில் 60-க்குச் சற்று மேற்பட்டவற்றை எழுதி வைத்துக்கொண்டு, உலகத்துச் சாதனங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததுதான். அகப்பட்டவற்றையெல்லாம் அந்த நிரலைக் கையாண்டவர்கள் ஒரு சேனையாகத் திரட்டி, அக்டோபர் 21-ஆம் தேதியன்று, இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டைன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மேல் ஏவினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிட்டவில்லை. தங்கள் வாசல் காமிரா இந்தப் படையெடுப்பில் சிப்பாயாகப் போய் வந்தது என்பது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. காமிராவில் படம் சரியாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

இதற்கு ஜனங்களைக் குறை சொல்வது நிபுணர்களின் பழக்கம். 'பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தோமே' என்பார்கள். மாற்றாதவன்மேல் குற்றம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே சாவியைச் செய்தவனைவிட அவன் பெரிய குற்றவாளி அல்லன். சட்டமும் சிறிது காலம் தாழ்த்தி இந்த முடிவுக்கே வந்தது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஒரே பாஸ்வேர்டோடு விற்பது சட்ட விரோதம். ஒவ்வொரு ரூட்டருக்கும் தனித் தனிப் பாஸ்வேர்டு அமைத்து, அதை அதன் அடியில் அச்சடித்து ஒட்டுவது தயாரிப்பவருக்கு ஒரு சிறிய செலவு. வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு சிரமமும் கூடுவதில்லை. அந்தச் சிறிய வேலையை அவர்கள் தாமாகச் செய்யாமல், சட்டம் வந்து செய்ய வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

சென்ற பத்தாண்டுகளில் நல்ல மாறுதல்களும் நேர்ந்திருக்கின்றன. ரூட்டரை அமைப்பதில் பழைய சங்கடம் ஒன்று உண்டு: அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வலை வேண்டும், வலை வேண்டுமானால் அமைப்பைச் செய்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற நிலைமை. 2016-ஐ ஒட்டி வந்த ஈரோ போன்ற புதிய ரூட்டர்கள், கைபேசியில் ஏற்கனவே இருக்கும் புளூடூத்தைத் தூதாக வைத்து இந்த முடிச்சை அவிழ்த்தன. புதுச் செயலி வந்து, 'பெட்டியை மின்சாரத்தில் சொருகுங்கள். விளக்கு நீலமாகும் வரை பொறுங்கள்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்துப் போகிறது. பாஸ்வேர்டைத் தட்டெழுதும் தொல்லையையோ கியூ.ஆர். சதுரம் தீர்த்து வைத்தது. மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுப்பதற்காக 1994-இல் ஜப்பானிய டென்ஸோ கம்பெனியில் மசாஹிரோ ஹாரா கண்டுபிடித்த அந்தச் சதுரத்துக்குள் வலையின் பெயரையும் இருபது எழுத்துப் பாஸ்வேர்டையும் அடக்கிவிடலாம். கைபேசியின் காமிராவைக் காட்டினால் இணைந்துவிடும். 2004-இல் பாலோ ஆல்டோ நிபுணர்கள் அகச்சிவப்புக் கண்ணுக்கு எதிரே காட்டச் சொன்னதற்கும் இதற்கும் உறவு உண்டு: பக்கத்தில் வந்து காட்டக்கூடியவனே உரியவன் என்பதே இரண்டுக்கும் ஆதாரம். நம் வீடுகளில் பாஸ்வேர்டு மொபைல் நம்பராக இருப்பதற்கு, விருந்தாளிக்கு வாயால் சொல்வது சுலபம் என்பதே பெரிய காரணம். சதுரத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடுகிறது.

எந்தச் செயலியாலும் மறைக்க முடியாத ஒன்று இருக்கிறது, அது சுவர். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் நடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது. ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. இந்திய அரசாங்கம் 2018 அக்டோபரில் அதில் விசாலமான பகுதியை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க அனுமதித்தது. ஆனால் செங்கல் சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் முன்னால் அதன் வீரியம் குன்றிவிடும். மெல்லிய மரப்பலகைத் தடுப்புகளாலான மேல்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறிப்புகள், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கொண்ட நம் வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. ஹாலில் டி.வி.க்குப் பின்னால் ரூட்டரை மாட்டிவிட்டு, மாடி அறையில் பையனுக்குப் பாடம் வரவில்லை என்று வேகமான திட்டத்துக்கு மாறுகிறவர்கள் பலர். மாற வேண்டியது ரூட்டரின் இடம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு தொல்லை: 2.4 வரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. அங்கே இருபது முப்பது வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்றில் நெருக்கிக்கொண்டு பேச வேண்டும். இரண்டு வரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்து, எது நல்லதோ அதைச் சாதனமே தேர்ந்துகொள்ளட்டும் என்று இப்போது விட்டுவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் 2.4 மட்டுமே தெரிந்த மலிவான ஸ்மார்ட் பல்பை இணைக்கப் போகும்போது, 5-இல் நிற்கும் கைபேசியும் பல்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் சண்டித்தனம் செய்வதற்குப் பல சமயம் இந்த மறைப்பே காரணமாகிவிடுகிறது. மறைத்தவர்கள் அந்தக் காரணத்தைத் திரையில் சொல்வதில்லை.

என் அபிப்பிராயத்தில் இன்றைய எளிமையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. எல்லாம் ஓடும்போது மிக எளிது; நின்றுவிட்டால் முழு இருட்டு. 'இணைய இணைப்பு இல்லை' என்று கைபேசி சொல்கிறதே தவிர, தவறு கைபேசியிலா, ரூட்டரிலா, தெருவில் போகும் இழையிலா என்று சொல்வதில்லை. ரெபெக்கா கிரின்டர், கீத் எட்வர்ட்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் அமெரிக்க வீடுகளை ஆராய்ந்து எழுதியபோது, தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் வாழும் வீடுகளிலும் வலையைக் கட்டிக் காப்பது எவ்வளவு பெரிய வேலையாக இருக்கிறது என்பதையும், அந்த வேலை வீட்டில் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது என்பதையும் எடுத்துக் காட்டினார்கள். நம் வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் வெளியூரில் இருக்கிறார். "நெட் வரலைப்பா" என்று அம்மா போன் செய்ய, "அப்பாவை அந்தப் பெட்டிகிட்டப் போகச் சொல்லும்மா, எந்த லைட் எரியுதுன்னு பார்க்கச் சொல்லு" என்று பெங்களூரிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ மகன் வைத்தியம் பார்க்கிறான்.

விளக்குகளின் பாஷை தெரிந்தால் அந்த வைத்தியம் சுருங்கிவிடும். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, வெளியிலிருந்து வரும் ஒளியே நின்றுவிட்டது என்று பொருள். நூறு தடவை ரூட்டரை அணைத்துப் போட்டாலும் பலன் இல்லை. கம்பெனிக்குத்தான் புகார் செய்ய வேண்டும். அந்த விளக்கு அணைந்திருந்து, மற்றவை பச்சையாக இருந்தும் இணையம் வரவில்லையென்றால், ஒருமுறை அணைத்து, சிறிது நேரம் பொறுத்துப் போட்டுப் பார்க்கலாம். கணிப்பொறியில் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடம் கேட்டும் பதில் வராததால் அது தானே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டது என்று அறியலாம். அப்போது கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவையும் தமிழில் மூன்று வரியில் ரூட்டரே சொல்லலாம். கைபேசி தமிழ் பேசுகிறது, ஏ.டி.எம். தமிழ் பேசுகிறது, வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கம் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் இஞ்சினியர்களின் ஆங்கிலத்தில் நிற்கிறது. இதைச் செய்யத் தொழில்நுட்பம் தடையில்லை. கேட்பார் இல்லாததே தடை.

கேட்க வேண்டியவர்கள் நாம்தாம். அடுத்த முறை இணைப்புக் கொடுக்க ஆள் வரும்போது, அவர் வேலை முடிந்ததென்று கையெழுத்து வாங்குவதற்கு முன், அவரை இன்னும் பத்து நிமிஷம் உட்கார வைத்து, ஒரு தம்ளர் காப்பியும் கொடுத்து, ரூட்டரை டி.வி.க்குப் பின்னாலிருந்து எடுத்து வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மாட்டித் தரச் சொல்லுங்கள். மொபைல் நம்பரை விட்டு வேறொரு நீண்ட பாஸ்வேர்டை வைக்கச் சொல்லுங்கள். விருந்தாளிகளுக்கும் காமிராவுக்கும் பல்புக்கும் தனிப் பெயரில் ஒரு விருந்தினர் வலை திறக்கச் சொல்லுங்கள். பிற்பாடு வீட்டு வலையின் பாஸ்வேர்டை மாற்ற நேர்ந்தால், சாதனம் சாதனமாகப் போய் மாற்றிக்கொண்டிருக்கும் தண்டனை அதனால் பாதியாகக் குறையும். டபிள்யூ.பி.எஸ். ஏற்பாட்டை அணைக்கச் சொல்லுங்கள். நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றி, அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கக் கம்பெனியில் அனுமதி இல்லை என்று அவர் சொன்னால், அவரோடு வாதாட வேண்டாம். அவர் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர். கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள்.